வடுவுக்கு ஒரு பெயர் வேண்டும்

தமிழிலே 'வடு' என்னுஞ் சொல் பல பொருள் உடையது. பிஞ்சு மாங்காய்க்கும் அது பெயர். புண் ஆறிய பின் தோலிலே எஞ்சும் தடத்துக்கும் அது பெயர். குற்றத்துக்கும் பழிக்கும் அதுவே பெயர். மாவடுவை உப்பிலிட்டு உண்கின்றோம். அதனால் எவர்க்கும் இடரில்லை. மற்றை இரண்டு பொருளும் ஒரு சொல்லுக்குள்ளே குடியிருப்பதனால் விளைந்த இடரோ பெரிது. முகத்திலே ஒரு குழியைக் கண்டால், குலத்திலே ஒரு குறையைக் கண்டவர் போலப் பேசும் வழக்கம் நம்மவரிடம் இன்றும் ஒழிந்தபாடில்லை. பெண் பார்க்க வந்தவர் தேநீர் அருந்தி முடியுமுன் கன்னத்துக் குழிகளை எண்ணி முடித்துவிடுகின்றனர்.

அடக்கமுடைமை அதிகாரத்திலே வள்ளுவர், தீயினால் ஆவதைப் புண் என்றும் நாவினால் ஆவதை வடு என்றும் வேறு பிரித்து வைத்தார். புண் ஆறுவது, வடு நிற்பது. இந்த வேறுபாட்டைத் தோல் வைத்தியமும் ஒப்புக்கொள்ளும். முகப்பரு என்பது புண். அது போன பின் நிற்கும் பள்ளமே வடு. புண்ணுக்குச் செய்யும் வைத்தியம் வடுவுக்கு ஆகாது. வடுவுக்குச் செய்வது புண்ணுக்கு ஆகாது. இவ்வளவு தெளிவான பாகுபாடு நம் மொழியிலே இருக்க, இரண்டையும் குழப்பிக்கொண்டு பொருளையும் முகத்தையும் இழப்பவர் பலர்.

இலக்கியப் பக்கத்திலே முகப்பருவுக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். யான் இலக்கணம் கற்பிப்பவன். ஆயினும் என் முன்னே வரிசையாக இருப்பவை நூல்கள் அல்லவே; முகங்கள். பதினைந்து வயதிலிருந்து இருபது வயது வரையுள்ள முகங்கள். நேற்று வரை நிமிர்ந்திருந்து செய்யுள் ஒப்புவித்த பிள்ளை இன்று கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு பின்வாங்கிலே போய் இருப்பதைப் பார்க்கும் ஆசிரியர்கள் யான் சொல்வதை அறிவர். அன்றியும் இது சொல்லைப் பற்றிய வழக்கு. அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

தெல்தோட்டையிலிருந்து கலஹா, பேராதனை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பஸ்ஸிலே அமர்ந்து இருபுறமும் பார்த்துக்கொண்டு சென்றால் காலம் மாறியிருப்பது தெரியும். முன்னே நகைக்கடைப் பலகைகள் நின்ற இடங்களிலே இப்போது முகத்தைப் பளபளப்பாக்கித் தருவோம் என்னும் பலகைகள் நிற்கின்றன. பலகையைப் பார்க்கத் தவறியவருக்குக் கைத்தொலைபேசி அதனைக் கொண்டுவந்து காட்டுகின்றது. ஆறு தடவை லேசர், இத்தனை விழுக்காடு கழிவு, தவணை முறையிலும் செலுத்தலாம் என்று புடைவை விற்பது போல முகச் சிகிச்சையை விற்கின்றனர்.

என்னிடம் படித்துவிட்டுக் கண்டியிலே கடையொன்றில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி, சங்கிலியை அடகு வைத்து இத்தகைய இடமொன்றிலே ஆறு தடவைக்கும் முற்பணம் கட்டினாள். மூன்று தடவை முடிந்த பின் என்னைச் சந்தித்தபோது, "குழி அப்படியே இருக்கிறது ஐயா, சுற்றிவரக் கறுத்தும் விட்டது" என்றாள். "உனக்கு இருப்பது எந்த வகைக் குழி என்று அங்கே சொன்னார்களா பிள்ளை?" என்று கேட்டேன். "குழியிலே வகையும் உண்டா ஐயா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கு விடைதான்.

விடைக்கு முன் இரு கட்சியாரை விலக்க வேண்டும். ஒரு கட்சியார் முதியோர். அகத்தழகு இருக்க முகத்தழகு எதற்கு, இதுவெல்லாம் வீண் பகட்டு என்பர் அவர். அம்மை வடு நிறைந்த முகத்தோடு நூறு பேர் நம் முன்னே வாழ்ந்து சிறக்கவில்லையா என்றுங் கேட்பர். வாழ்ந்தனர், மெய்தான். ஆயின் அக்காலத்திலே அம்மை வடு ஊர் முழுவதற்கும் பொது. உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980 இலே அறிவித்த பின் பிறந்தவர்கள், தம்மைச் சுற்றிலும் வடுவற்ற முகங்களையே கண்டு வளர்ந்தவர்கள். தனியொருவராய் நின்று வடுவைச் சுமப்பவரின் மனவருத்தத்தைப் பகட்டு என்று தள்ளுதல் இரக்கமற்ற செயல்.

மற்றைக் கட்சியார் வணிகர். வடுவுள்ள முகம் முழுமையற்ற முகம், இன்றே வந்து சேருங்கள் என்பர் அவர். வடுவோடு வாழ்வது குற்றமன்று. போர்க்களத்திலே பெற்ற புண்ணை 'விழுப்புண்' என்று போற்றிய மொழி நம்முடையது. சிகிச்சை வேண்டாம் என்று துணிந்தவரைக் குறை சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. வேண்டும் என்று துணிந்தவரோ, அறிந்து துணிதல் வேண்டும். என் கருத்து இவ்வளவே: சிகிச்சையைத் தெரிவு செய்வது விலைப்பட்டியலைப் பார்த்தன்று, குழியின் வடிவைப் பார்த்து. வடிவைப் பார்ப்பதற்கு வடிவுக்குப் பெயர் தெரிந்திருத்தல் வேண்டும்.

குழி எவ்வாறு விழுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். மயிர்க்கால் அடைபட்டு அழற்சி கொள்ளும்போது பரு உண்டாகின்றது. அழற்சி ஆழமாகித் தோலின் உட்படையைத் தாக்கினால், அங்கே தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் அழிகின்றது. ஆறும்போது அழிந்த அளவுக்கு உடல் அதனை மீட்டுக் கட்டுவதில்லை. குறைந்த இடம் பள்ளமாகின்றது. சில இடங்களிலே புதிய நார்கள் தோலின் மேற்புறத்தைக் கீழ்நோக்கிக் கட்டி இழுத்தும் வைக்கின்றன. பருவைக் கிள்ளுதலும் நசுக்குதலும் அழற்சியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும்.

ஆதலின் முதலாவது விதி: புண் ஆறாதிருக்க வடுவைத் தொடலாகாது. முகத்திலே புதிய பரு வந்துகொண்டிருக்கும்போது குழியை நிரப்புவது, கூரை ஒழுகும்போது தரைக்குச் சாந்து பூசுவது போல. முதலிலே பருவை அடக்க வேண்டும். அதற்குக் களிம்புகளும் மாத்திரைகளும் உள்ளன. கடும் பருவுக்கு ஐசோட்ரெடினோயின் என்னும் மருந்து பயன்படுகின்றது. அது வல்லமை மிக்கது. கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு செய்வது. ஆதலால் வைத்தியரின் நேர்ப்பார்வையின்றி உட்கொள்ளத் தகாதது. அம்மருந்து உண்டவர் ஆறு மாதம் வரை எவ்வகை வடுச் சிகிச்சையும் செய்யலாகாது என்று முன்னர் பொதுவாகச் சொல்லி வந்தனர். 2017 இலே அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் சான்றுகளை ஆராய்ந்து, மேலோட்டமான அமிலப் பூச்சுக்கும் சிறு புள்ளிகளாகப் பாய்ச்சும் லேசருக்கும் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்றனர். தோலைத் தேய்த்து உரிக்கும் சிகிச்சையையும், மேற்படை முழுவதையும் எரித்து அகற்றும் லேசரையும் மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள். எப்படியாயினும், உண்ட மருந்தை வைத்தியரிடம் மறையாது சொல்லுதல் கடன்.

இனிக் குழியின் வகைகளுக்கு வருவோம். 2001 ஆம் ஆண்டிலே வெளிவந்த பகுப்பொன்று இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. அதன்படி பள்ள வடுக்கள் மூன்று. ஆங்கிலத்திலே முதலாவதற்குப் பனிக்கட்டியைக் குத்தியுடைக்கும் கூர்ங்கோலின் பெயரையும், இரண்டாவதற்குப் புகைவண்டியின் சரக்குப் பெட்டியின் பெயரையும், மூன்றாவதற்கு உருண்டோடும் நிலத்தின் பெயரையும் இட்டனர். அவை அவர்கள் நாட்டிலே கண்ணாற் கண்ட பொருள்கள். அவர்களுக்கு அப்பெயர்கள் படம் காட்டும். நமக்குக் காட்டா. நம் வீட்டுப் பொருளைக் கொண்டு பெயரிட்டால் நம் பிள்ளைக்கும் படம் தெரியும். யான் முன்வைக்கும் பெயர்கள் இவை.

முதலாவது 'ஊசித்துளை வடு'. வாய் ஒடுங்கியது, 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலம். ஆழமோ பெரிது. கோணியூசியாற் குத்தியது போலக் கீழ்நோக்கிக் கூராகச் செல்லும்.

இரண்டாவது 'உரற்குழி வடு'. வாய் அகன்று, ஓரங்கள் செங்குத்தாக இறங்கி நிற்பது. பெரும்பாலும் 1.5 முதல் 4 மில்லிமீற்றர் வரை அகலம். உரலின் விளிம்பைப் போல இதன் விளிம்பும் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது 'அலை வடு'. விளிம்பு தெரியாது. 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலத்திலே தோல் மெல்ல ஏறி இறங்கும். நம் தேயிலை மலைகளை உச்சி வெயிலிலே பார்த்தால் மேடுபள்ளம் அத்தனை தெரியாது. மாலைச் சாய்வெயிலிலே பார்த்தால் ஒவ்வொரு சரிவும் நிழல் கொண்டு நிற்கும். அலை வடுவும் அத்தகையது. நேர் வெளிச்சத்திலே மறைந்து சாய்ந்த வெளிச்சத்திலே தோன்றும். தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் சமனாகிவிடும்.

கண்ணாடி முன் நின்று எவரும் இச்சோதனையைச் செய்யலாம். வடுவின் கடுமையை அளக்க 2006 இலே குட்மன், பரன் என்னும் இருவர் வகுத்த அளவுகோலும் இத்தகைய எளிய சோதனைகளையே நம்பியுள்ளது. 50 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதது எளிய வடு. அத்தூரத்திலே தெரிந்து, இழுத்துப் பிடிக்கச் சமனாவது நடுத்தரம். இழுத்தும் சமனாகாதது கடியது. ஒரு முகத்திலே மூன்று வகைக் குழிகளும் கலந்திருத்தல் பெருவழக்கு என்பதையும் மறத்தலாகாது. ஆதலால் ஒரே மருந்து, ஒரே கருவி, ஒரே விலை என்னும் பேச்சு தொடக்கத்திலேயே பிழை.

வகை தெரிந்தால் வழி தெரியும். ஊசித்துளை வடு ஆழமானது. மேலோட்டமான லேசரோ பூச்சோ அதன் அடியைச் சென்று தொடுவதில்லை. அதற்கெனக் கொரிய வைத்தியர்கள் 2002 இலே ஒரு முறையை வெளியிட்டனர். ட்ரைகுளோரோ அசெற்றிக் அமிலத்தை 65 அல்லது 100 விழுக்காட்டுச் செறிவிலே எடுத்து, கூராக்கிய சிறு குச்சியின் நுனியால் துளைக்குள்ளே மட்டும் வைத்து அழுத்துவது அது. துளையின் உட்சுவர் புண்பட்டு, ஆறும்போது புதிய கொலாஜன் வளர்ந்து துளை தூரும். சில வாரங்கள் இடைவிட்டுப் பலமுறை செய்தல் வேண்டும். இதனைக் கேள்விப்பட்டு அமிலத்தை வரவழைத்து வீட்டிலே தாமே பூசிக்கொள்வோரும் உளர் என்று கேட்டு நடுங்கினேன். துளைக்குள்ளே மருந்தாவது துளைக்கு வெளியே தீயாகும். ஒரு சில துளைகளே எனின், வட்டக் கத்தியால் அதனைக் குடைந்தெடுத்துத் தையலிடும் சிறு சத்திரசிகிச்சையும் உண்டு.

உரற்குழி ஆழங்குறைந்ததாயின் லேசரும் நுண்ணூசிச் சிகிச்சையும் உதவும். ஆழமானதாயின் வட்டக் கத்தியால் குழியின் தரையைச் சுற்றி அறுத்து, அத்தரையை மேலே உயர்த்தி, சுற்றியுள்ள தோலோடு மட்டமாக்கி ஆறவிடுவர். விளிம்பு மட்டமான பின் லேசரால் மெருகிடுவதும் உண்டு.

அலை வடுவின் நோய் மேலே இல்லை, கீழே உள்ளது. தோலைக் கீழே கட்டி இழுக்கும் நார்களே அதன் காரணம். ஆதலின் ஊசியொன்றைத் தோலின் அடியிலே கிடையாகச் செலுத்தி அந்நார்களை அறுத்துவிடுவர். நியூயோர்க் நகரத்து ஓரென்ட்ரைக் என்னும் தோல் வைத்தியர் இருவர் 1995 இலே இதனை வெளியிட்டனர். வைத்தியர்கள் 'சப்சிஷன்' என்பர். நாம் 'அடிநார் அறுத்தல்' என்போம். கட்டு அறுந்தால் தோல் தானே மேலெழும். சில நாள் வீக்கமும் கன்றலும் இருக்கும். தேவைக்கேற்ப ஹையலூரோனிக் அமிலம் போன்ற நிரப்பியை அடியில் இடுவதும் உண்டு. அது காலப்போக்கிலே கரைவது. கட்டிய நாரை அறுக்காது மேலே எத்தனை தடவை லேசர் பாய்ச்சினாலும் பயன் சிறிதே. கயிற்றாற் கட்டிய கூடாரத்துணியை மேலே நின்று நீவினால் அது எழுமோ?

லேசரைப் பற்றித் தனியே ஒரு சொல். பழைய முறை தோலின் மேற்படையை முழுதாக எரித்து அகற்றியது. 2004 இலே பொஸ்ரன் நகரத்து மான்ஸ்ரைன், அன்டர்சன் முதலியோர் வேறொரு வழி கண்டனர். தோல் முழுவதையும் சுடாது, கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு தூண்களாக மட்டும் சுட்டு, இடையிலே நல்ல தோலை விட்டுவைப்பது அது. நல்ல தோல் அருகிலிருப்பதால் ஆறுதல் விரைவாகும். நுண்ணூசிச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே கொள்கை உடையது. சூட்டுக்குப் பதில் நுண்ணிய ஊசிக் குத்துகளால் தோலைத் தூண்டிக் கொலாஜனை வளர்ப்பது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018 இலே இத்தகைய முதற் கருவிக்கு முகப்பரு வடுவின் பொருட்டு இசைவளித்தபோது, 22 வயதும் அதற்கு மேற்பட்டோரும் என்று வரம்பு கட்டியது. ஈண்டோ சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிந்த பிள்ளைக்கே பரிசாக அதனைச் செய்விக்கும் பெற்றோர் உளர்.

நம்மவர் மறவாது கருத வேண்டியது நம் நிறம். தோலின் நிறத்தையும் வெயிலுக்கு அது கொள்ளும் மாற்றத்தையும் கொண்டு ஆறு வகையாகப் பிரிப்பது வைத்திய மரபு. நம்மிற் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையான வகையினர். இத்தகைய தோல் சூடுபட்டால், அமிலம் பட்டால், ஆறும்போது கருமை படியும் இயல்புடையது. அக்கருமை மாதக்கணக்காக நிற்கும். வெண்ணிறத் தோலிலே எடுத்த படத்தைக் காட்டி, இதே வலுவிலே உனக்கும் செய்வோம் என்பவரை நம்புதல் ஆகாது. நம் தோலுக்கு லேசரின் வலுவைக் குறைத்தும் இடைவெளியைக் கூட்டியும் கையாளுதல் வேண்டும். முழுதாக எரிக்கும் லேசரும் ஆழ்ந்த அமிலப் பூச்சும் நமக்கு இடர் மிகுந்தவை. நுண்ணூசியில் கருமை படியும் அச்சம் ஒப்பளவிற் குறைவு. தோளிலோ மார்பிலோ காதிலோ புண் ஆறிய இடம் தடித்து வளரும் இயல்புள்ளவர் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லல் வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வெயிலைத் தடுத்தல் இன்றியமையாதது. தேயிலை மலையிலே பகல் முழுதும் நிற்கும் பெண்ணுக்கு இது எத்துணை அரிது என்பதையும் வைத்தியர் கேட்டறிந்த பின்னரே காலத்தைக் குறித்தல் முறை.

இவ்வளவுக்கும் பயன் யாது? கொக்ரேன் என்னும் ஆய்வமைப்பு 2016 இலே முகப்பரு வடுச் சிகிச்சை பற்றிய சோதனைகளைத் திரட்டி நிறுத்துப் பார்த்தது. 24 சோதனைகள், அவற்றிலே பங்குகொண்டோர் 789 பேர். எந்த ஒரு முறையையும் முதன்மையானது என்று நாட்டப் போதிய உயர்ந்த சான்று இல்லை என்பது அது கண்ட முடிவு. சிகிச்சைகள் வீண் என்பது இதன் பொருளன்று. பல முகங்கள் நன்கு திருந்துகின்றன. ஆயின் எம்முறையே சிறந்தது, வடு முற்றாக மறையும் என்று உறுதி கூறுபவர், உலகத்து ஆய்வாளர் காணாத ஒன்றைக் கண்டவராதல் வேண்டும். அல்லது விற்பவராதல் வேண்டும். வடு குறையும், முற்றாக அழியாது. புதிய கொலாஜன் வளர்ந்து முடிய மாதங்கள் செல்லும். அடுத்த கலியாணத்துக்குள், அடுத்த பெருநாளுக்குள் என்று அவசரப்படுபவருக்கு இவ்வைத்தியம் உதவாது.

செய்பவர் கை தவறினால் வருங்கேடு வடுவோடு நில்லாது. 2018 இலே ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே, உரிமமின்றி நடந்த ஒப்பனை நிலையமொன்றிற் குருதிக்கூறும் நுண்ணூசியும் கலந்த முகச் சிகிச்சை செய்தவர்களிடையே எச்.ஐ.வி. தொற்றுக் கண்டறியப்பட்டது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார் 2024 இலே வெளியிட்ட அறிக்கையிலே, பெண்கள் மூவருக்கு அச்சிகிச்சையாலேயே தொற்றியிருக்கக்கூடும் என்றனர். செல்வமும் சட்டமும் நிறைந்த நாட்டிலே நடந்தது இது. ஊசி தோலைக் கடந்து குருதியைத் தொட்டவுடனே அது ஒப்பனையாக இருப்பது ஒழிந்து வைத்தியமாகிவிடுகின்றது. வைத்தியத்தை வைத்தியரே செய்தல் வேண்டும்.

நம் நாட்டிலே அதனை அறிய வழிகள் உள. வைத்தியராகத் தொழில் செய்வோர் இலங்கை மருத்துவச் சபையிலே பதிந்திருத்தல் வேண்டும் என்பது 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் முதலாக வரும் விதி. தனியார் வைத்திய நிலையங்களும் பதிவுபெறல் வேண்டும் என்கின்றது 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். வெள்ளை மேலங்கி பதிவுச் சான்றாகாது. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவுமன்று.

காசு கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை ஆசிரியர்கள் கரும்பலகையிலே எழுதிப் போடலாம். என் வடு எந்த வகை? இம்முறையை ஏன் தெரிந்தீர்கள்? என் நிறத்துத் தோலிலே எத்தனை பேருக்குச் செய்திருக்கின்றீர்கள்? படம் உண்டா? செய்யப் போகின்றவர் யார், அவர் பதிவு என்ன? கருமை படிந்தால் யார் பார்ப்பார்? ஒரு தடவை செய்து, பயனைக் கண்டு, பின்னர் மற்றத் தடவைகளுக்குப் பணம் செலுத்தலாமா? இக்கடைசிக் கேள்விக்கு முகஞ் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுதல் நலம்.

அதற்கும் முன்னே செல்ல வேண்டிய இடங்கள் இரண்டு நம் வழியிலேயே உள்ளன. பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் தோல் நோய்க் கிளினிக் உண்டு. கட்டணமில்லை. வரிசையிலே நிற்றல் வேண்டும், ஒரு நாட் சம்பளம் போகும், அது உண்மை. ஒப்பனை சார்ந்த எல்லாச் சிகிச்சையும் அங்கே கிடைக்கும் என்பதுமில்லை. ஆயினும் பருவை அடக்கும் வைத்தியம் கிடைக்கும். உனக்கு இருப்பது இன்ன வடு என்று, விற்பதற்கு ஒன்றுமில்லாத ஒருவர் வாயாற் கேட்கவும் கிடைக்கும். அந்த ஒரு சொல்லின் பெறுமதி அடகுக்கடைச் சங்கிலியினும் பெரிது.

ஈண்டுதான் மொழியின் கடன் வருகின்றது. என் மாணாக்கர் சிலர் தனியார் நிலையங்களிலே கையொப்பமிட்டுக் கொண்டுவந்து காட்டிய சம்மதத் தாள்களைப் பார்த்தேன். முழுவதும் ஆங்கிலம். கருமை படியலாம், வடு கூடலாம், கட்டிய பணம் மீளாது என்பவையெல்லாம் அங்கே எழுதியிருந்தன. ஒப்பமிட்டவருக்கு அவை தெரியா. 1987 இலே பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும் முகத்தைக் கொடுக்கும்போது இடும் ஒப்பம் புரியாத மொழியிலே இருக்கின்றது. புரியாத தாளிலே இட்ட ஒப்பத்தைச் சம்மதம் என்று எவ்வாறு சொல்வது?

இதனைத் தமிழிற் சொல்ல முடியாது என்பார் வரலாறு அறியாதவர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1847 இலே யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே இருந்து தமிழ் கற்று, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணாக்கருக்குப் போதித்தார், சொற்களைத் திரட்டினார், நூல்களை மொழிபெயர்த்து அச்சிட்டார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867 இலே வெளிவந்தது. நம் தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை நட்டதும் அதே ஆண்டு. தேயிலை மலையெங்கும் பரந்துவிட்டது. தமிழ் வைத்தியச் சொல்லோ அந்த அளவுக்குப் பரவவில்லை. அயல்நாட்டார் ஒருவர் அறுவைக்குத் தமிழ் கண்டிருக்க, நாம் மூன்று குழிக்குத் தமிழ் காணாதிருப்பது நாணத் தக்கது.

யான் இட்ட பெயர்களே நிலைக்க வேண்டும் என்னும் ஆசை எனக்கில்லை. வைத்தியர்களும் தமிழாசிரியர்களும் கூடியிருந்து இவற்றினும் நல்ல பெயர் காணின் மகிழ்வேன். பெயர் எதுவாயினும், கேட்டவுடன் வடிவம் கண்முன் நிற்றல் வேண்டும். பஸ்ஸிலே வரும் தொழிலாளியின் மகளும் சொல்லக் கூடியதாயிருத்தல் வேண்டும். அப்பெயர்களோடு, ஒரு பக்கத்திலே சம்மதத் தாளொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படுதல் வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பிலே முகப்பரு கண்ட பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைப்பதைக் கேட்டும் கேளாதவர் போல் இருக்கலாகாது. பருவம் போனால் தானே போய்விடும் என்று தள்ளுவதும் ஆகாது. பரு போகும், காலந்தாழ்த்தினால் குழி நிற்கும். வலியோடு ஆழ்ந்த கட்டிகள் கண்டவுடன் பெற்றோரை அழைத்துக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். தொடக்கத்திலே அடக்கிய பரு ஒன்று, பின்னாளிலே பத்துத் தடவை லேசரை மிச்சமாக்கும்.

இளைஞர்களுக்குச் சொல்வது இது. உங்கள் முகத்திலுள்ளது பழியன்று. தோலின் ஒரு பள்ளம். அதனை வைத்துக்கொள்வதும் திருத்துவதும் உங்கள் விருப்பம். திருத்தத் துணிந்தால், உங்கள் வடுவுக்குப் பெயர் சொல்லும் வைத்தியரிடம் முகத்தைக் கொடுங்கள். பெயர் சொல்லாதவருக்குக் காசைக் கொடாதீர்கள்.